சென்சாரிலிருந்து நினைவகம் வரை: லினக்ஸ் கெர்னலில் கேமராப் பாதை

கேமராச் சில்லில் விழும் ஒளி கணினியின் நினைவகத்தில் படமாக வந்து சேர்வதற்குள் பல வன்பொருள் கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் ஒளியைப் பிடிக்கும் சென்சார். அது அனுப்பும் அதிவேகச் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர் அடுத்தது. பிறகு, சென்சார் தந்த பக்குவப்படாத எண்களை வண்ணப் படமாக்கும் ஐஎஸ்பி என்ற படச் செயலாக்கச் சுற்று. கடைசியாக, செயலியைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேரே நினைவகத்தில் எழுதும் டிஎம்ஏ. இந்த வரிசை முழுவதற்கும் பைப்லைன் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தின் அளவு என்ன, வடிவம் என்ன, வேகம் என்ன என்று சொல்லி, அடுத்தடுத்த கட்டங்கள் பொருந்திப் போகும்படி செய்வதே பைப்லைனை அமைக்கும் வேலை. லினக்ஸில் இந்த வேலையின் ஒரு பங்கு கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களிடமும் மறு பங்கு வெளியே இயங்கும் மென்பொருளிடமும் இருக்கிறது. எந்தப் பங்கு யாருக்கு என்பது இந்தத் துறையில் மெல்ல மெல்லத்தான் தெளிவானது.

பாதையின் தொடக்கம் சென்சார். அதன் பரப்பில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு நிற வடிகட்டி பதிக்கப்படுகிறது. இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு பிக்சல் கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் வகுத்த இந்த அடுக்குக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது; இன்றைய வண்ணக் கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை அதையோ அதன் வழித்தோன்றலையோதான் பயன்படுத்துகின்றன. சென்சாரிலிருந்து வெளிவரும் தரவில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் இருக்கும். விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புவது ஐஎஸ்பியின் வேலைகளில் ஒன்று.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் இரண்டாம் கேமரா மாட்யூல் 2016-இல் வந்தது. அதில் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்219 சென்சார். மலிவானது, எளிதில் கிடைப்பது, அதன் டிரைவரும் கெர்னலில் எல்லோரும் படிக்கும்படி திறந்திருப்பது. ஆகவே பைப்லைனைப் புரிந்துகொள்ள அது நல்ல எடுத்துக்காட்டு. அதன் முழுப் படம் 3280 பிக்சல் அகலமும் 2464 பிக்சல் உயரமும் கொண்டது, அதாவது சுமார் 80 லட்சம் பிக்சல்கள். சென்சாருக்கும் செயலிச் சில்லுக்கும் இடையே இரண்டு தனித்தனித் தொடர்புகள் உண்டு. ஐ2சி என்ற மெதுவான கம்பிகள் வழியே கட்டளைகள் போகின்றன. சிஎஸ்ஐ-2 என்ற வேகமான கம்பிகள் வழியே படம் வருகிறது. டிரைவர் முதலில் மின்சாரத்தைக் கொடுத்து, 24 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பை ஓடவிட்டு, சில மில்லிநொடி காத்திருந்து, சென்சாரின் அடையாளப் பதிவேட்டைப் படிக்கும். எதிர்பார்த்த எண் வந்தால்தான் அடுத்த வேலை. கேமரா வேலை செய்யவில்லை என்ற புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன: கம்பி சரியாகச் செருகப்படவில்லை, மின்சாரம் வரும் வரிசை தவறு, கடிகாரம் ஓடவில்லை.

ஒரு படத்தைச் சென்சார் வரிவரியாகத்தான் வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிறு இடைவெளி, கடைசி வரிக்குப் பின் ஒரு பெரிய இடைவெளி. முதலாவதைக் கிடைமட்ட வெற்றிடம் என்றும் இரண்டாவதைச் செங்குத்து வெற்றிடம் என்றும் சொல்லலாம். பழைய தொலைக்காட்சிக் குழாய்க் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. இன்றைய சென்சார்களின் வேகத்தைத் தீர்மானிப்பதும் இதுவே. ஐஎம்எக்ஸ்219-இன் வழக்கமான அமைப்பில் இரண்டு சிஎஸ்ஐ-2 தடங்கள், இரண்டுக்கும் பொதுவாக 456 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். ஒவ்வொரு தடத்திலும் கடிகாரம் ஏறும்போது ஒரு பிட், இறங்கும்போது ஒரு பிட். 456-ஐ இரண்டால் பெருக்கி, மீண்டும் தடங்களின் எண்ணிக்கையான இரண்டால் பெருக்கி, ஒரு பிக்சலுக்கு 10 பிட் என்பதால் பத்தால் வகுத்தால் நொடிக்கு 18 கோடியே 24 லட்சம் பிக்சல். இதுதான் பிக்சல் வேகம். வெற்றிடம் உட்பட ஒரு வரிக்கு 3448 பிக்சல் நேரம் ஆகிறது. முழுப் படத்தின் 2464 வரிகளுடன் 1062 வெற்று வரிகளைச் சேர்த்தால் 3526. பிக்சல் வேகத்தை இந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தால் நொடிக்கு 15 ஃபிரேம் கிடைக்கிறது. வெற்று வரிகளைக் குறைத்தால் ஏறக்குறைய 21 வரை போகலாம். அதற்கு மேல் இதே பிக்சல் வேகத்தில் முழுப் படம் வராது. அதே சென்சாரில் 1080 வரிகளை மட்டும் எடுத்து மொத்தத்தை 1763 வரிகளாக வைத்தால் நொடிக்கு 30 ஃபிரேம்.

சென்சார் டிரைவரில் ‘நொடிக்கு 30 ஃபிரேம் கொடு’ என்று கேட்கும் நேரடிப் பொத்தான் பெரும்பாலும் இல்லாததற்கு இந்தக் கணக்கே காரணம். பிக்சல் வேகம், கிடைமட்ட வெற்றிடம், செங்குத்து வெற்றிடம், எக்ஸ்போஷர் ஆகியவற்றையே டிரைவர் வெளியே காட்டுகிறது. பிக்சல் ஒளியைச் சேர்க்கும் எக்ஸ்போஷர் நேரம்கூட நொடியில் இல்லை, வரிகளின் எண்ணிக்கையில் இருக்கும். இதனால் என்ன பயன் என்பதற்கு மின்விளக்கு நல்ல சான்று. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னுகிறது. எக்ஸ்போஷர் நேரம் 10 மில்லிநொடியின் முழு மடங்காக இல்லாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடும். மேற்சொன்ன அமைப்பில் ஒரு வரிக்கு ஆகும் நேரம் 18.9 மைக்ரோநொடி. ஆக, 529 வரிகள் என்று வைத்தால் மிகச் சரியாக 10 மில்லிநொடி. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் அமெரிக்காவில் அதே கேமராவுக்கு வேறு எண் தேவை. எந்த நாட்டில் எந்த விளக்கின் கீழ் கேமரா இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. வெளியே இருக்கும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த கட்டமான சிஎஸ்ஐ-2, மிப்பி என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு வகுத்த தரம். கைபேசி முதல் மோட்டார் வாகனம் வரை கேமராச் சென்சார்களின் பொதுமொழி இதுதான். 10 பிட் பிக்சல்களை அனுப்பும்போது நான்கு பிக்சல்களை ஐந்து பைட்டில் நெருக்கி அடுக்குகிறது. 3280 பிக்சல் வரி ஒன்று 4100 பைட் ஆகிறது. நினைவகத்தில் எழுதும் வன்பொருளோ ஒவ்வொரு வரியும் 64 பைட்டின் மடங்கில் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். அப்போது வரிக்கு 4160 பைட், கடைசி 60 பைட் வெறும் நிரப்பு. படத்தைப் படிக்கும் நிரல் இந்த வரி நீளத்தை டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அகலத்திலிருந்து தானே ஊகித்துக்கொண்டால், படம் ஒவ்வொரு வரியிலும் சிறிது நகர்ந்து சாய்ந்து தெரியும்.

இத்தனையையும் கட்டுப்படுத்த லினக்ஸ் கெர்னலில் இருக்கும் ஏற்பாட்டுக்கு வி4எல்2 என்று பெயர். ‘வீடியோ ஃபார் லினக்ஸ்’ என்பதன் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பு 1990-களின் பிற்பகுதியில், தொலைக்காட்சி அட்டைகளைக் கணினியில் செருகிப் பார்த்த காலத்தில் பிறந்தது. இரண்டாம் பதிப்பை பில் டிர்க்ஸ் வடிவமைத்தார். 2002-இல் கெர்னலின் வளர்ச்சிக் கிளையில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வெளியான 2.6 வழியாக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு கேமராவுக்கும் வீடியோ0, வீடியோ1 என்று ஒரு சாதனக் கோப்பு. நிரல் அதைத் திறந்து, என்ன செய்ய முடியும் என்று கேட்கும்; விரும்பும் அளவையும் வடிவத்தையும் சொல்லும்; படம் வந்திறங்கும் நினைவகப் பஃபர் கேட்கும்; ஓடச் சொல்லும். கேட்டது அப்படியே முடியாவிட்டால் டிரைவர் பிழை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. முடிந்ததில் மிக நெருக்கமான அளவைத் தானே தேர்ந்து திருப்பித் தரும். நிரல் அந்தப் பதிலைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். பார்க்காமல் விடும் நிரல்கள் ஏராளம்.

யுஎஸ்பி வெப்கேமுக்கு இந்த ஒற்றைக் கோப்பு முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. யுவிசி என்ற யுஎஸ்பி வீடியோ தரத்தைப் பின்பற்றும் கேமராக்களுக்கான பொது டிரைவர் 2008-இல் 2.6.26 கெர்னலில் சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் வெப்கேமையும் செருகியதும் வேலை செய்வதற்கு அந்த ஒரு டிரைவர்தான் காரணம். வெப்கேமுக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருந்து சென்சாரையும் ஐஎஸ்பியையும் தானே நடத்திக்கொள்கிறது. வெளியே சொல்ல வேண்டியது அளவும் வடிவமும்தான். அங்கும் கணக்கு இல்லாமல் இல்லை. யுஎஸ்பி 2.0-இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. பிக்சலுக்கு இரண்டு பைட் எடுக்கும் ஒய்யுஒய்வி வடிவத்தில் 640-க்கு 480 படம் நொடிக்கு 30 வீதம் வந்தால் 18 மெகாபைட், தாராளமாக இடமிருக்கிறது. 1920-க்கு 1080 என்றால் 124 மெகாபைட்; இடமே இல்லை. அதனால்தான் முழு எச்டி வேண்டுமென்றால் வெப்கேம்கள் சுருக்கப்பட்ட எம்ஜேபெக் வடிவத்துக்கு மாறச் சொல்கின்றன. வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் கூட்டினால் நொடிக்கு ஐந்து ஃபிரேமோ அதற்கும் குறைவாகவோ வருவது இதனால்தான்.

கைபேசி இந்த எளிமையைக் கலைத்தது. நோக்கியா 2009-இல் வெளியிட்ட என்900 லினக்ஸில் இயங்கியது. அதன் உள்ளே இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப்3 சில்லில் கேமராவுக்கென ஒரு சிறு தொழிற்சாலையே இருந்தது: சென்சார் தரவை வாங்கும் பல ரிசீவர்கள், பக்குவப்படாத தரவைத் திருத்தும் சிசிடிசி, வண்ணமாக்கும் பிரிவியூ, அளவை மாற்றும் ரீசைசர், ஒளியையும் ஃபோகஸையும் அளந்து புள்ளிவிவரம் தரும் சுற்றுகள். தரவு சிசிடிசியிலிருந்து நேரே நினைவகத்துக்குப் போகலாம்; பிரிவியூ வழியே ரீசைசருக்கும் போகலாம்; நினைவகத்தில் இருக்கும் பக்குவப்படாத படத்தை எடுத்துத் திரும்பவும் பிரிவியூவுக்குள் செலுத்தவும் செய்யலாம். இவற்றில் எந்த வழி, ஒவ்வொரு வழியிலும் எந்த அளவு என்பதை ஒரே ஒரு வீடியோ கோப்பின் வழியே எப்படிச் சொல்வது? டிரைவரே ஊகித்துச் செய்தால், ஊகம் ஒரு பயன்பாட்டுக்குப் பொருந்தும், இன்னொன்றைக் கெடுக்கும்.

யுவிசி டிரைவரை எழுதிய லாரன்ட் பின்ஷார் முன்னின்று உருவாக்கிய மீடியா கன்ட்ரோலர், 2011-இல் 2.6.39 கெர்னலில் ஓமேப்3 டிரைவருடன் சேர்ந்தே வந்தது. பழைய முதல் பதிப்பு வீடியோ ஏற்பாடு அதற்கு முந்தைய வெளியீட்டில்தான் நீக்கப்பட்டிருந்தது. மீடியா கன்ட்ரோலர் வன்பொருளை மறைக்காமல் உள்ளபடி ஒரு வரைபடமாகக் காட்டுகிறது. ஒவ்வொரு வன்பொருள் பகுதியும் ஓர் என்டிட்டி. தரவு உள்ளே வரும், வெளியே போகும் வாய்கள் பேட்கள். ஒன்றின் வெளி வாயை மற்றொன்றின் உள் வாயோடு சேர்ப்பவை லிங்குகள். சில லிங்குகள் பலகையில் பொறித்த கம்பிகள், அவற்றை மாற்ற முடியாது. மற்றவற்றைத் திறக்கலாம், மூடலாம். இந்த வரைபடம் மீடியா0 என்ற தனிக் கோப்பின் வழியே கிடைக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் சொந்த சப்டெவ் கோப்பும் உண்டு. அளவும் வடிவமும் அங்கே சொல்லப்படுகின்றன. மீடியா-சிடிஎல் என்ற கருவியை ஓட்டினால் முழு வரைபடத்தையும் திரையில் பார்க்கலாம். புதிய பலகை ஒன்றில் கேமராவைக் கொண்டுவர முயல்பவர் முதலில் ஓட்ட வேண்டிய கட்டளை அது.

வரைபடம் கையில் வந்ததும் பாதையை அமைக்கும் வேலை தொடங்குகிறது. தேவையான லிங்குகளைத் திறந்த பிறகு, சென்சாரின் வெளி வாயில் அளவையும் வடிவத்தையும் வைக்க வேண்டும். பிறகு ரிசீவரின் உள் வாயில் அதையே வைக்க வேண்டும். ரிசீவரின் உள் வாயில் வைத்தது அதன் வெளி வாய்க்குத் தானாகப் போய்ச் சேரும், ஏனென்றால் இரண்டும் ஒரே பகுதியின் இரு முனைகள். அந்தப் பகுதியின் டிரைவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். ஆனால் லிங்கைத் தாண்டி அடுத்த பகுதிக்குக் கெர்னல் எதையும் கொண்டுபோகாது. அங்கே மறுபடி சொல்ல வேண்டும். ஐஎஸ்பி இருந்தால் அதன் உள் வாய், வெளி வாய், வெட்டும் செவ்வகம், சுருக்கும் அளவு எல்லாவற்றையும் ஓட்டத்தின் திசையிலேயே, மேலிருந்து கீழாக வைக்க வேண்டும். ஒரே பகுதிக்குள் மேலே இருப்பதைப் பின்னால் மாற்றினால் கீழே வைத்தவை அழிந்துபோகும். கடைசியாக வீடியோ கோப்பில் நினைவக வடிவம்.

கம்பியில் ஓடும் வடிவமும் நினைவகத்தில் அமரும் வடிவமும் வேறு வேறு என்பது புதியவர்களைப் பெரிதும் குழப்பும் இடம். சென்சாரிலிருந்து ரிசீவர் வரை ‘சிவப்பில் தொடங்கும் பேயர் அடுக்கு, 10 பிட்’ என்பது ஒரு பஸ் குறியீடு. அதே தரவு நினைவகத்தில் நான்குக்கு ஐந்து பைட்டாக நெருக்கியும் இருக்கலாம், பிக்சலுக்கு இரண்டு பைட்டாக விரித்தும் இருக்கலாம். அவற்றுக்குத் தனித்தனி நான்கெழுத்துக் குறியீடுகள். எந்தப் பஸ் குறியீட்டிலிருந்து எந்த நினைவக வடிவங்கள் சாத்தியம் என்பது வன்பொருளைப் பொறுத்தது.

எல்லாம் வைத்த பின் ‘ஸ்ட்ரீம்ஆன்’ என்ற கட்டளை வருகிறது. அப்போதுதான் கெர்னல் சோதிக்கிறது. பாதை முழுவதும் நடந்து, ஒவ்வொரு லிங்கின் இரு முனையிலும் அகலம், உயரம், பஸ் குறியீடு, இன்டர்லேஸ் வகை ஆகியவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும். ஒன்று பிசகினாலும் ‘ஈபைப்’ என்ற பிழையுடன் திரும்பும். திரையில் ‘புரோக்கன் பைப்’ என்ற இரண்டே சொல். எந்த லிங்கில் என்ன பிசகு என்பது அந்தப் பிழையில் இருக்காது. கெர்னலின் பிழைதேடும் செய்திகளைத் திறந்துவிட்டால் எந்த முனையில் எந்த எண் என்று விவரமாக எழுதப்பட்டிருக்கும். கேமரா வேலைக்கு வரும் ஒவ்வொரு பொறியாளரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பிழை இது. அதை டிரைவரின் குறையாக எண்ணி டிரைவரைத் தோண்டத் தொடங்குபவர்கள் நாட்களை இழக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒரு பகுதியின் உள் வாயில் பழைய அளவு அப்படியே தங்கியிருப்பதுதான்.

சோதனையில் தேறியும் படம் கெட்டுவரும் வழிகள் உண்டு. பேயர் அடுக்கின் தொடக்க நிறம் அவற்றில் முக்கியமானது. சென்சாரைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தால் படத்தை இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பச் சொல்லலாம். திருப்பியதும் சிவப்பில் தொடங்கிய அடுக்கு நீலத்தில் தொடங்குகிறது; ஐஎம்எக்ஸ்219 டிரைவர் இதற்கேற்ப பஸ் குறியீட்டையே மாற்றிச் சொல்கிறது. அந்த மாற்றத்தை அடுத்த பகுதிகளுக்கும் சொல்லியாக வேண்டும். சில சென்சார் டிரைவர்கள் இதைக் கவனிக்காமல் பழைய குறியீட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது எல்லாச் சோதனையும் தேறி, மனித முகம் நீலமாகத் தெரியும். வெட்டும் செவ்வகத்தை ஒற்றைப்படை இடத்தில் தொடங்கினாலும் இதே கதிதான். அதனால் ஒழுங்கான டிரைவர்கள் அந்த எண்களை இரண்டின் மடங்காகத் திருத்திவிடுகின்றன.

கெர்னலே ஒரு முனையில் வைத்ததை மற்ற எல்லா முனைகளுக்கும் பரப்பிவிட்டால் இந்தச் சிரமம் எதுவும் இருக்காதே என்று தோன்றலாம். பரப்புவதற்கு ஒரு முடிவு வேண்டும். 3280 அகலத்திலிருந்து 640 அகலத்துக்கு வர, சென்சாரிலேயே பிக்சல்களைக் கூட்டிச் சேர்க்கலாம், ஓரங்களை வெட்டலாம், முழுப் படத்தையும் கொண்டுவந்து ரீசைசரில் சுருக்கலாம். முதல் வழி மின்சாரத்தைச் சேமிக்கிறது, இரண்டாவது பார்வைக் கோணத்தைக் குறுக்குகிறது, மூன்றாவது நல்ல படத்தைத் தந்து பேட்டரியைத் தின்கிறது. வீடியோ அழைப்புக்கும் ஆவணத்தை ஸ்கேன் செய்வதற்கும் சரியான விடை ஒன்றல்ல. கெர்னல் வழியை மட்டும் வைத்திருக்க வேண்டும், முடிவு வெளியே இருப்பவருடையது என்பது யூனிக்ஸ் மரபின் பழைய கொள்கை. கேமராவில் அந்தக் கொள்கை சரியென்றே காலம் காட்டியிருக்கிறது. ஆனால் 2011-இல் வெளியே இருக்க வேண்டிய அந்த மறுபாதி இன்னும் பிறக்கவில்லை. கெர்னல் தன் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதன் விலையைப் பயனர்கள் வருடக்கணக்கில் கொடுத்தார்கள்.

வன்பொருள் வரைபடம் கெர்னலுக்கே எப்படித் தெரிகிறது என்பது தனிக் கேள்வி. ஆர்ம் பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற விவரிப்புக் கோப்பு இருக்கிறது. சென்சார் ஐ2சியில் எந்த முகவரியில் இருக்கிறது, அதன் மின் இணைப்புகள் எவை, எத்தனை தடங்கள், எந்த அலைவெண், அதன் மறுமுனை எந்த ரிசீவரில் சேர்கிறது என்பதெல்லாம் அங்கே எழுதப்படும். இங்கே தடங்களின் எண்ணிக்கையில் பிழை என்றால், வரைபடம் சரியாகத் தெரியும், ஸ்ட்ரீம்ஆன் வெற்றி பெறும், ஆனால் ஒரு ஃபிரேமும் வராது. சென்சார் டிரைவரும் ரிசீவர் டிரைவரும் தனித்தனியாக ஏறுவதால் எது முன்னால் வரும் என்று சொல்ல முடியாது. ரிசீவர் டிரைவர் தனக்குத் தேவையான சென்சார்களைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும்தான் வீடியோ கோப்புகள் தோன்றும். ஒரு சென்சாரின் கம்பி கழன்றிருந்தால், அதே பாதையில் இருக்கும் நல்ல சென்சாரும் கிடைக்காமல் போவது உண்டு.

ஓட்டம் தொடங்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. சிஎஸ்ஐ-2 தடம் ஒன்றின் இரு கம்பிகளும் ஓய்வில் இருக்கும்போது உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். அந்த ஓய்வு நிலையிலிருந்து வேக நிலைக்கு மாறும் கணத்தைப் பார்த்துத்தான் ரிசீவர் ஒத்திசைகிறது. சென்சார் முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் அந்தக் கணத்தை ரிசீவர் தவறவிட்டுவிடும். எனவே டிரைவர்கள் கீழிருந்து மேலாகத் தொடங்குகின்றன: முதலில் டிஎம்ஏ தயார், பிறகு ரிசீவர், கடைசியில் சென்சார். நிறுத்தும்போது நேர் எதிர் வரிசை.

நினைவகத்தில் படம் வந்திறங்கும் பஃபர்களின் ஏற்பாடு பால் கூட்டுறவுச் சங்கத்தின் கேன்கள் சுழலும் முறையை ஒத்தது: வெறும் கேன் உள்ளே போகும், நிரம்பியது வெளியே வரும், ஊற்றிக் காலியானது மறுபடி உள்ளே போக வேண்டும். நிரல் மூன்று நான்கு பஃபர்களைக் கேட்டு வாங்கி வரிசையில் நிறுத்துகிறது. டிரைவர் ஒன்றை நிரப்பி, நேரத்தையும் வரிசை எண்ணையும் குறித்துத் திருப்புகிறது. நிரல் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் சென்சார் காத்திருக்காது. அந்த ஃபிரேம் போனது போனதுதான். வரிசை எண்ணில் இடைவெளி விழுந்திருப்பதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ளலாம். இந்த வரிசைப் பொறுப்பைப் பல டிரைவர்கள் தனித்தனியே எழுதித் தவறு செய்துகொண்டிருந்த நிலையை மாற்ற வீடியோபஃப்2 என்ற பொது நூலகம் உருவானது, அதுவும் 2.6.39-இல்தான் வந்தது. பின்னர் டிஎம்ஏ-பஃப் வழி சேர்ந்ததால், கேமரா எழுதிய அதே நினைவகத்தை நகல் எடுக்காமல் திரைக்கோ வீடியோ என்கோடருக்கோ கைமாற்ற முடிகிறது.

ஐஎஸ்பி உள்ள பாதையில் படத்தோடு வேறு இரண்டு ஓட்டங்களும் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு ஃபிரேமின் புள்ளிவிவரம் வெளியே வருகிறது: எவ்வளவு வெளிச்சம், எந்த நிறச் சாய்வு, எங்கே கூர்மை. மற்றொன்றில் அடுத்த ஃபிரேமுக்கான அமைப்புகள் உள்ளே போகின்றன. ராக்சிப் நிறுவனச் சில்லுகளின் ஐஎஸ்பி டிரைவரில் படத்துக்கு இரண்டு, புள்ளிவிவரத்துக்கு ஒன்று, அமைப்புக்கு ஒன்று என நான்கு வீடியோ கோப்புகள் இருப்பது இதனால். இடையே அமர்ந்து, புள்ளிவிவரத்தைப் படித்து, எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கணக்கிட்டு, நொடிக்கு முப்பது முறை பதில் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். சென்சாரில் புதிய எக்ஸ்போஷர் உடனே நடைமுறைக்கு வராது, ஓரிரு ஃபிரேம் தள்ளித்தான் வரும். அந்தத் தாமதத்தையும் அது நினைவில் வைக்க வேண்டும். மறந்தால் வெளிச்சம் ஊஞ்சலாடும்.

கெர்னலுக்கு வெளியே இருக்க வேண்டிய அந்த மறுபாதி, 2018-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட லிப்கேமரா திட்டம்தான். ஒவ்வொரு வகைப் பைப்லைனுக்கும் ஒரு கையாளுநர் நிரல் அதில் உண்டு. வரைபடத்தைப் படித்து, லிங்குகளைத் திறந்து, ஒவ்வொரு வாயிலும் அளவை வைத்து, பயனரிடம் ‘இந்த அளவில் படம் வேண்டும்’ என்ற ஒரே கேள்வியை மட்டும் விடுகிறது. ராஸ்பெர்ரி பையில் 2013 முதல் கேமராவை நடத்தியது வரைகலைச் சில்லுக்குள் இருந்த மூடிய மென்பொருள். அதன் இயங்குதளத்தின், 2021-இல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து லிப்கேமரா அந்த இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் அளந்து தயாரித்த அளவீட்டுக் கோப்பு எல்லோரும் திருத்தும்படி திறந்திருக்கிறது.

மடிக்கணினியில் கதை கடினமாக இருந்தது. பல நிறுவனங்கள் யுஎஸ்பி வெப்கேமைக் கைவிட்டு, இன்டெலின் ஐபியு6 என்ற படச் சுற்றோடு நேரடியாகச் சிஎஸ்ஐ-2 சென்சாரைப் பொருத்தின. விண்டோஸில் வேலை செய்த அந்தக் கேமராக்கள் லினக்ஸில் வெறும் கருப்புத் திரை. தரவை வாங்கும் பகுதிக்கான டிரைவர் 2024-இல் 6.10 கெர்னலில் சேர்ந்தது. படத்தைப் பக்குவப்படுத்தும் பகுதிக்குத் திறந்த வழி இல்லாததால், அந்த வேலையைச் செயலியிலேயே செய்யும் மென்பொருள் ஐஎஸ்பி லிப்கேமராவில் எழுதப்பட்டது. படம் வருகிறது, தரமும் மின்செலவும் தனி வன்பொருளுக்கு ஈடாகாது. வன்பொருளின் விவரம் வெளியே சொல்லப்படாதபோது கெர்னல் எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை என்பதை இந்த விவகாரம் தெளிவாகக் காட்டுகிறது.

வாகனங்களில் நான்கைந்து கேமராக்களின் படம் ஒரே கம்பியில் கலந்து வருகிறது. ஒரு லிங்குக்கு ஓர் ஓட்டம் என்று எண்ணிய பழைய வரைபடத்தில் இதற்கு இடமில்லை. 2023-இல் வந்த 6.3 கெர்னல் ஒரே லிங்கில் பல ஓட்டங்களை எண்ணிட்டுப் பிரிக்கவும், ஒரு பகுதிக்குள் எந்த ஓட்டம் எந்த வாய்க்குப் போகும் என்று வழி வகுக்கவும் இடம் தந்தது. படத்தோடு சென்சார் அனுப்பும் கூடுதல் விவர வரிகளையும் இதனால் தனி ஓட்டமாக நடத்த முடிகிறது.

இதையெல்லாம் கற்க விரும்பும் மாணவருக்குக் கேமராவே தேவையில்லை. 2017-இல் 4.12 கெர்னலில் சேர்ந்த விம்க் என்ற டிரைவர் ஒரு கற்பனைப் பைப்லைனைக் கணினிக்குள் உருவாக்குகிறது: இரண்டு சென்சார்கள், பேயர் அடுக்கை வண்ணமாக்கும் இரண்டு பகுதிகள், அளவை மாற்றும் ஒரு ஸ்கேலர், மூன்று வீடியோ கோப்புகள். மீடியா-சிடிஎல்லால் ஒவ்வொரு வாயிலும் அளவை வைத்து, ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே மாற்றி ஸ்ட்ரீம்ஆன் கொடுத்தால் ஈபைப் வரும். கெர்னல் செய்திகளைப் படித்து எந்த லிங்க் என்று கண்டுபிடித்துத் திருத்தினால் சோதனைப் பட்டைகள் வண்ணத்தில் ஓடும். வி4எல்2-கம்ப்ளையன்ஸ் என்ற கருவியை அதன் மேல் ஓட்டினால் ஓர் ஒழுங்கான டிரைவர் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வரிசையாகத் தெரியும். டிரைவரின் மூல நிரல் சில ஆயிரம் வரிகள்தான். படித்து முடித்தவருக்கு அடுத்த படி ஐஎம்எக்ஸ்219 டிரைவர்.